அவளுக்கும் தெரியாத ஊசி

செவ்வாய், விடாத மழை.

நாளைக்கு மகளின் பள்ளிக்கூடத்தில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குத் தடுப்பூசி. சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட மாட்டேன், நம்ம ரத்தத்துக்கு ஊசியா என்று காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்களமே அதிர முழங்கிவிட்டேன்.

சாயங்காலம் கஹவத்தை பஸ்ஸில் அக்கா மகள் வந்தாள். டாக்டருக்குப் படிக்கிறாள். இலங்கையிலேயே முதல் மார்க் என்றுதான் ஊருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அவளைக் கேட்டேன்.

“எனக்கே இந்த ஊசியப் பத்தி முன்னாடி தெரியாது மாமா. கூடப் படிக்கிற பொண்ணுங்க நெறையப் பேருக்குந் தெரியல. தெரிஞ்சுக்கிட்டு போன மாசந்தான் போட்டுக்கிட்டேன். பாப்பா வயசுலயே போட்டா ரொம்ப நல்லதாம்.”

அத்தனை புத்தகம் படித்தவள், கூசாமல் தெரியாது என்கிறாள்! என் வாயில் அந்தச் சொல் ஒருநாளும் வந்ததில்லை.

“எனக்குந் தெரியாதும்மா,” என்றேன்.

கையெழுத்துக்கு அவள் நீட்டிய பேனாவில்தான் இந்த டயரியையும் எழுதுகிறேன்.