வயலுக்குக் காய்ச்சல்

வயல்காற்றை அளக்கும் பெட்டியைக் கழுவிவிட்டேன். சேற்று நாற்றம் மட்டும் விரலைவிட்டுப் போகவில்லை. முதல் நாள் நான் மூக்கைப் பிடித்தபோது, "மீத்தேனுக்கு வாசனையே கெடையாதுன்னு நீதானே சொன்ன? நாறுறது நம்ம சேறு. பொறுத்துக்க புள்ள" என்றாய்.

ஓசூர் கம்பெனியில் மீட்டர் பார்த்துப் பழகிய கண் உனக்கு. மத்தூரில் உங்கள் நெல்வயலில் பெட்டியைக் கவிழ்த்து, உள்ளே சேரும் காற்றைச் சிரிஞ்சில் இழுத்துக் குப்பியில் அடைப்பாய். பெங்களூர் ஆய்வகத்துக்கு நான் கொண்டுபோவேன். நம் வயல்கள் எவ்வளவு மீத்தேன் விடுகின்றன என்று அங்கிருந்து ஒரு வெளிநாட்டுக் குழு கணக்கிடும்.

அறிக்கை வந்தபோது நம் குறைந்த அளவுகள் ஒன்றுகூட இல்லை. மிஞ்சியவற்றைப் பார்த்தால் நம் வயல்தான் உலகத்தையே சுடுகிறது என்று தோன்றும். காரணம் ஓரத்தில் இருந்தது: அந்த நாட்களில் அளந்தவருக்கு உடல்நலமில்லை.

தண்ணீரை வடித்து வயலைக் காயவிட்ட, அதனால் மீத்தேன் குறைந்த நாட்களில் உன் நோட்டில் 'காய்ச்சல்' என்று எழுதியிருந்தாய். ஆய்வகத்தில் யாரோ அதை ஜுரம் என்று மொழிபெயர்த்திருந்தார்கள்.

நான் சிரித்துவிட்டேன். நீ சிரிக்கவில்லை. மறுநாளே பெங்களூருக்குக் கிளம்பினாய், நானும் கூட வந்தேன்.

"ரிப்போர்ட் போயாச்சும்மா. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார் ஆய்வக அதிகாரி.

"காய்ச்சலு வயலுக்கு சார், எனக்கில்ல. தண்ணி நிக்காத நாளெல்லாம் தூக்கிட்டீங்களே, எங்க வயலு என்ன குட்டையா?"

அவர் பக்கத்திலிருந்தவரிடம் கன்னடத்தில் முணுமுணுத்தார்: "இவளிகேனு கொத்து?" இவளுக்கு என்ன தெரியும்?

"எல்லா கொத்து சார்" என்றாய். அந்த அறையில் அதற்குப் பிறகு யாரும் முணுமுணுக்கவில்லை. ஆனால் அறிக்கையையும் திருத்தவில்லை.

அடுத்த நடவுக்குள் நீ போய்விட்டாய். மஞ்சள் காமாலை என்றார்கள். உனக்கு நிஜமாகவே காய்ச்சல் வந்த நாட்களில் நீ ஒரு குப்பிகூட அடைக்கவில்லை. அதையும் அவர்களுக்கு எழுதினேன்.

இப்போது இறுதிக் கட்டுரையில் என் கையெழுத்தைக் கேட்கிறார்கள். உன் நாட்களைச் சேர்க்காமல் போடமாட்டேன் என்றேன். அளந்தவரே உயிரோடு இல்லை, யார் உறுதி சொல்வது என்று பதில் வந்தது. வயல் சொல்லும், வந்து பாருங்கள் என்று எழுதிவிட்டேன்.

வரவில்லை. நானே அளந்துகொண்டிருக்கிறேன். இன்று தண்ணீரை வடித்தார்கள். உன் நோட்டில், உன் கடைசி வரிக்குக் கீழே, 'காய்ச்சல்' என்று தமிழிலேயே எழுதினேன். பொருள் எழுதவில்லை. வேண்டுமென்றால் கேட்கட்டும்.