நாற்பத்திரண்டாம் மனையும் நாலாவது குறுக்குத் தெருவும்

நாலாவது குறுக்குத் தெரு,
தஞ்சாவூர்.
டிசம்பர் 9

அன்புள்ள வானதி அப்பாவுக்கு ஜெனிட்டா எழுதுவது.

மாதா புண்ணியத்தில் நான், வானதி, அத்தை மூவரும் சுகம். உங்கள் சுகத்தை உங்களிடமே கேட்கலாமென்றால் இருபது நாளாக என் போனை எடுக்கமாட்டேன் என்கிறீர்கள். வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. அதனால்தான் உங்கள் ரூமில் தங்கியிருக்கும் ஜாஃபர் சாதிக் அண்ணன் லீவு முடிந்து குவைத் திரும்பும்போது இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடுகிறேன். படிக்காமல் கிழித்துப் போட்டால் எனக்குச் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

அத்தைக்கு மட்டும் போன் செய்து, “என்னைக் கேக்காம என் காசுல அவ பேருக்கு வீடு வாங்கிக்கிட்டா. அந்த வீட்டுல நான் காலெடுத்து வைக்கமாட்டேன். ஜனவரி லீவையும் கேன்சல் பண்ணிட்டேன்” என்றீர்களாமே. ‘என்றீர்களாமே’ என்ன, அத்தை ஸ்பீக்கரில்தான் போட்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே முழுவதும் கேட்டேன்.

கேட்காமல் வாங்கினேன் என்பது பொய். நாலு தடவை கேட்டேன். நாலு தடவையும் மாட்டேன் என்றீர்கள். அதற்குப் பிறகுதான் வாங்கினேன். இப்போதும் அதற்காக வருத்தப்படவில்லை.

சித்திரையில் நீங்கள் வந்திருந்தபோது, உங்கள் கம்பெனி புகழேந்தி அண்ணன் சொன்னாரென்று பைபாஸ் தாண்டி அந்தப் புது நகருக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? கலர் கொடி, ஆர்ச், வேனில் கூட்டிப்போய் பிரியாணி. வெடித்துக் கிடந்த தரையைப் பார்த்துவிட்டு நாற்பத்திரண்டாம் மனை நமக்கு என்றீர்கள். கம்பெனி ஆட்கள் ஏழு பேர் ஒரே வரிசையில் வாங்குகிறோம், வயசான காலத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருப்போம் என்றீர்கள். அந்த ஆசையை நான் குறை சொல்லவில்லை. என்னையே பதிவு செய்யச் சொல்லி, குவைத் போனதும் பவர் பத்திரமும் எழுதி அனுப்பினீர்கள்.

ஐப்பசியில் வானதியைப் பின்னால் உட்காரவைத்து வண்டியில் போனேன். நமக்கென்று நீங்கள் குறித்த மனையில் முழங்கால் தண்ணீர். எல்லைக் கல்லைக் காணோம், காலால் துழாவித்தான் கண்டுபிடித்தேன். புரோக்கர் ரோட்டிலேயே நின்றுகொண்டு, “ரெண்டு லோடு மண்ணடிச்சா சரியாயிடும் மேடம்” என்றான். “சரி, இந்தத் தண்ணி எங்க போகும்? உங்க வீட்டுக்கா?” என்றேன். நான் நீடாமங்கலத்துக்காரி, மதலைமுத்து மகள். எது மேட்டு வயல், எது சுற்றுவட்டாரத் தண்ணீரெல்லாம் வந்து இறங்குகிற பள்ளம் என்று எனக்குத் தெரியாதா? வீடியோ எடுத்து அனுப்பினேன். “மழைன்னா தண்ணி நிக்கத்தான் செய்யும்” என்றீர்கள். பத்து நாள் வெயிலடித்த பிறகும் நின்றது. கூட்டாளிகளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன் என்றீர்கள். வாக்குக் கொடுத்தது நீங்கள், அங்கே மூழ்கப்போவது நாங்கள் மூன்று பேர்.

அப்போதுதான் வானதிக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த ப்ரியம்வதா டீச்சர் மகனோடு பெங்களூர் போகிறார் என்று கேள்விப்பட்டு நேரே போய் வீட்டைக் கேட்டேன். முப்பத்தைந்து வருஷத்து வீடு. அடுப்படியில் இரண்டு பேர் நின்றால் இடிக்கும். குளியலறை டைல்ஸ் சகிக்காத பச்சை. மறைக்கவில்லை. ஆனால் அதே மழையில் இந்தத் தெருவில் செருப்பு முழுகாமல் நடந்தேன். சுவரோரம் குனிந்து பார்த்தேன், தண்ணீர் ஏறிய கறை எங்கேயும் இல்லை.

“அது வளராத ஏரியா, விலை ஏறாது” என்றீர்கள். ஏறாவிட்டால் போகட்டும், விற்பதற்கா வாங்குகிறோம்? பதினாறு வருஷத்தில் ஐந்து வாடகை வீடு. ஒவ்வொரு முறையும் அந்த இரும்பு பீரோவை ஏற்றி இறக்கியது நான்தான். இங்கே அத்தைக்கு மூச்சு இழுத்தால் பத்து நிமிஷத்தில் ஆஸ்பத்திரி. அந்த மனைக்கு ராத்திரி ஆட்டோகூட வராது. எனக்குத் தெரிந்த முதலீடு இதுதான்.

குடிவந்த மூன்றாம் நாள் காலனிச் சங்கச் செயலாளர் ஹரிஹரசுப்ரமணியன் சார் வந்தார். சுற்றி வளைத்து, “அமைதியான தெரு பாருங்க… மீன் கீன் சமைப்பீங்களோ?” என்றார். “சமைப்போம் சார், நாகப்பட்டினத்து மீன், ஞாயித்துக்கிழமை தவறாது. சத்தம் வராது, வாசனை மட்டும் வரும்” என்றேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே போய்விட்டார். மறுநாள் குழாயில் தண்ணீர் வரும் நேரத்தை எழுதிக்கொண்டு வந்து கொடுத்தார்! நல்ல மனுஷர்தான்.

மதியம் இரண்டு மணிக்கு இந்தத் தெருவில் ஒரு சத்தம் கிடையாது. குக்கர் விசிலடித்தால் யார் வீடு என்று சொல்லிவிடலாம். முதல் நாள் அந்த நேரத்தில் முன்னறையில் உட்கார்ந்து அழுதேன். ஆறு பேர் குறட்டையிலும் ஏசி இரைச்சலிலும் தூக்கமே இல்லை என்று நீங்கள் சொல்லாத வாரம் உண்டா? அந்த அறையில் உங்களுக்குக் கட்டில் போட்டுவிட்டேன். தாழ்வான கட்டில், அங்கே மாதிரி ஏணி வைத்து ஏற வேண்டாம்.

கடைசியாக ஒன்று. ‘அவ பேருக்கு’ என்றீர்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை. நீங்கள் எழுதிக்கொடுத்த பவரை மறந்துவிட்டீர்களா? உங்களுக்காக, உங்கள் பெயரில், தஞ்சாவூரில் மனையோ வீடோ வாங்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். அதை வைத்துத்தான் வாங்கினேன். பத்திர நகலை இதோடு வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தைப் படியுங்கள். வாங்கியவர் ஆண்டனி, நீங்கள்தான். உங்களுக்காகக் கையெழுத்துப் போட்டவள் என்ற இடத்தில் மட்டும்தான் என் பெயர் இருக்கிறது.

ஜனவரி இருபத்துநாலு, சனிக்கிழமை, பங்குச் சாமியார் வீடு மந்திரிக்க வருகிறார். குடிவந்துவிட்டோம், பால் காய்ச்சுவதை மட்டும் அன்றைக்கு வைத்திருக்கிறேன்; நீங்கள் வராவிட்டாலும் காய்ச்சுவோம். ஆனால் வீடு உங்களுடையது. நான் செய்தது தப்பென்றால் என்னை வெளியே போகச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. போனில் சொன்னால் போகமாட்டேன். அத்தையிடம் சொல்லி அனுப்பினாலும் போகமாட்டேன். காலெடுத்து வைத்து, நடுவீட்டில் நின்று, என் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும்.

பயணத்தில் மாதா உங்களுக்குத் துணையிருக்கட்டும்.

உங்கள்
ஜெனிட்டா