பெட்டி பாரு

இன்று காலை புக்கிட் பாருவில் மகன் வீட்டுக்கு வயர் மாற்ற வந்த பையன், பழைய பலகையிலிருந்து கழற்றிய பீங்கான் பியூஸ் கட்டையை என்னிடம் நீட்டி, "ஆன்ட்டி, இது எந்தக் காலத்துச் சாமான், சொல்லுங்க பார்ப்போம்" என்றான். கிழவிக்கு என்ன தெரியும் என்ற நினைப்பு அவனுக்கு. வாங்கி மூக்கருகே கொண்டுபோனேன். கருகிய ரப்பர் வாடை. நினைப்பில் நான் உன் வீட்டுப் பின்னறைக்குப் போய்விட்டேன், தோழி.

காஜா பெராங்கில் உன் வீட்டுப் பின்னறைக்கு நாங்கள் வாடகைக்கு வந்தபோது என் மகன் வயிற்றில் இருந்தான். நீங்கள் பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து மலாய் பேச்சுக்கு மாறிவிட்ட செட்டி வீட்டுக்காரர்கள். நெற்றியில் விபூதி, உடம்பில் கெபாயா சட்டை, வாயில் மலாய். சாமி பெயரெல்லாம் உனக்குத் தமிழில் தெரியும், தண்ணீர் கேட்கத் தெரியாது. நானோ ரப்பர் தோட்டத்திலிருந்து டவுனுக்கு வந்தவள். எனக்குத் தெரிந்த மலாய் கடைக்குப் போய்வர மட்டும் போதும். அப்படியும் ஒரே வாரத்தில் நமக்குள் பேச்சுக்குக் குறைவில்லாமல் போனது. 'பெட்டி' தமிழா மலாயா என்று ஒரு நாள் முழுக்கச் சண்டை போட்டோமே, ஞாபகமிருக்கிறதா? நான் விட்டுக்கொடுக்கவில்லை. நீயும்தான்.

நான் அப்போது டவுனில் ஒரு சீன தவுக்கே முதலாளியின் மின்சாமான் கடையில் வேலை பார்த்தேன். பழையதைக் கொடுத்துப் புதிது வாங்க வருகிறவர்களின் பியூஸ் பெட்டிகளைத் தரம் பிரிப்பது என் வேலை. மரப்பலகையில் மூடியில்லாமல் இரண்டு பீங்கான் கட்டைகள் ஜோடியாக இருந்தால், அது ஜப்பான்காரன் வருவதற்கு முந்தியது. அந்தக் காலத்தில் போகிற வயர், வருகிற வயர் இரண்டுக்கும் பியூஸ் வைப்பார்கள். பக்கவாட்டில் கைப்பிடி வைத்த இரும்புப் பெட்டி கொஞ்சம் பிந்தியது. கறுப்பு மூடி போட்டு, ஒரு பக்கம் மட்டும் பியூஸ் இருந்தால் ஜப்பான் சண்டை முடிந்த பிறகு வந்தது. பெட்டியை நம்பாவிட்டாலும் வயரை நம்பலாம். துணி சுற்றிய வயரை லேசாக வளைத்தால் உள்ளே ரப்பர் பொடிப்பொடியாக உதிரும். உதிர்ந்தால் கிழடு, சந்தேகமே வேண்டாம்.

உன் வீட்டுப் பெட்டி பின்னறைச் சுவரில், என் மகனின் தொட்டிலுக்கு நேர் மேலே இருந்தது. மரப்பலகை, ஜோடிக் கட்டைகள். பார்த்த அன்றே எனக்குத் தெரியும். ஆனால் உன் வீட்டில் எல்லோரும் அதைப் 'பெத்தி பாரு' என்றுதான் சொன்னீர்கள். உங்கள் மலாயில் பெத்தி என்றால் பெட்டி, பாரு என்றால் புதுசு. என்ன புதுசோ என்று சிரித்துவிட்டு விட்டுவிட்டேன்.

நாடு சுதந்திரம் வாங்கிய வருடம் அது. ஊரெல்லாம் கொடி, ஊரெல்லாம் விளக்கு. நீயும் விடுவாயா? என் கடையிலேயே கலர் பல்பு மாலை வாங்கிவந்து வீட்டு முகப்பில் சுற்றினாய். அன்று மத்தியானம் எரிகிறதா என்று சோதித்துப் பார்த்துவிட்டு, அணைக்காமலேயே அடுப்படிக்குப் போய்விட்டாய். தொட்டில் பக்கம் வந்த எனக்கு வாடை அடித்தது. நிமிர்ந்தால் பலகைக்குப் பின்னாலிருந்து புகை.

"பெட்டி பாரு! பெட்டி பாரு!" என்று கத்தினேன்.

நீ கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாக எட்டிப் பார்த்தாய். முகமெல்லாம் சிரிப்பு. "இயா லா, பெத்தி பாரு. கெனாப்பா?"

ஆமாம், புதுப் பெட்டிதான், அதற்கென்ன என்கிறாய்! பிள்ளையை வாரிக்கொண்டு நான் ஓடிய ஓட்டத்தைப் பார்த்த பிறகுதான் உனக்கு உறைத்தது. பாய்ந்து போய் மெயின் சுவிட்சை இழுத்தாய். தொட்டில் துணியில் கறுப்பாக ரப்பர் பொடி விழுந்து கிடந்தது. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கடையிலிருந்து வயர்மேனைக் கூட்டிவந்தேன். பலகையைக் கழற்றாவிட்டால் வீடே போய்விடும் என்றார் அவர். உன் அம்மா சுவரை மறைத்துக்கொண்டு நின்றார். "துங்கு பாப்பா பாலேக்" என்றார். அப்பா திரும்பி வரட்டும், அவர் மாற்றுவார் என்று அர்த்தம். உன் அப்பா ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் பாதை போடப் போனவர். கிளம்பிப் போன அதே வருடத்தில்தான் அந்தப் பலகையை எங்கோ பழையதாக வாங்கிவந்து தன் கையால் மாட்டினார் என்பதும், பிறகு ஒரு தகவலும் வரவில்லை என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரியவந்தது. அவருக்கு யாரும் காரியம் செய்யவில்லை. அவர் மாட்டியதை யாரும் தொடவுமில்லை.

"ஏன்மா, வராத மனுசனுக்காக என் புள்ளய எரிக்கப் போறீங்களா? கழட்டலன்னா நான் இன்னிக்கே வீட்டக் காலி பண்றேன்" என்று கத்தினேன். தமிழில்தான் கத்தினேன், உன் அம்மாவுக்குப் புரிந்தது. இன்றைக்கும் அதே சுவர், அதே தொட்டில் என்றால் அப்படித்தான் கத்துவேன். நீ ஒரு பக்கம் அம்மாவையும் ஒரு பக்கம் என்னையும் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாய். வயர்மேன் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுக் கிளம்பினார். நான் சாமான்களை மூட்டை கட்ட ஆரம்பித்தேன்.

மறுநாள் காலை சமையல் கத்தியோடு வந்தாய். பொங்கலுக்குப் பொங்கல் சுண்ணாம்பு அடிக்கும் வீடு உன்னுடையது. பலகையைக் கழற்றாமல் சுற்றியே அடித்து அடித்து, ஓரத்தில் சுண்ணாம்பு கரைகட்டி நின்றது. கத்தியை வைத்து நெம்பினாய். அப்பளம் மாதிரி ஏடு ஏடாக உரிந்தது. ஒவ்வொரு ஏடும் ஒரு பொங்கல். நீ எண்ணத் தொடங்கியதைப் பார்த்தேன். பாதியில் நிறுத்தியதையும் பார்த்தேன். பெட்டியின் வயதைத்தான் பார்க்கிறாய் என்று நினைத்து, பார்த்தாயா, பழசுதானே என்று சொல்லக்கூட வாயெடுத்தேன். நல்லவேளை, சொல்லவில்லை.

அம்மா பக்கம் திரும்பினாய். "மா, சுடா லாமா" என்றாய்.

உங்கள் மொழியில் சுடா என்றால் ஆகிவிட்டது, லாமா என்றால் பழசு. நெடுங்காலம் என்றாலும் லாமாதான். நீ பெட்டியைச் சொல்லவில்லை. உன் அம்மா உரிந்து கிடந்த ஏடுகளையே வெகுநேரம் பார்த்தார். பிறகு, "இயா. சுடா லாமா" என்றார். சொல்லிவிட்டு, தொட்டிலைத் தானே ஓரமாக நகர்த்தி வழிவிட்டார். அவர் அழுததை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்ததாக நீ பின்னால் சொன்னாய்.

அடுத்து வந்த பொங்கலுக்கு முதல் நாள், போனவர்களுக்குப் படைக்கும் பார்ச்சுவில், உன் அப்பாவுக்கும் ஓர் இலை விழுந்தது. நான் அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். நீ வந்து என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாய். அதற்குப் பிறகு நாங்கள் வீடு மாறினோம், பிள்ளைகள் வளர்ந்தார்கள், நம் பெட்டிச் சண்டை மட்டும் நிற்கவேயில்லை.

போன வாரம் உன் மகள் போன் செய்தாள். நீ போன பிறகு வரும் முதல் பார்ச்சு. அம்மாவின் இலையில் என்ன வைக்கலாம், உங்களுக்குத்தான் தெரியும் ஆன்ட்டி என்றாள். அடுப்பில் பால் பொங்குகிறது, பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். அடுப்பே பற்ற வைக்கவில்லை. அவளிடம் பதில் சொன்னால் நீ போனது நிஜமாகிவிடும் என்று பயந்தேன். உன் அம்மா எதைக் காத்துக்கொண்டு சுவரோரம் நின்றார் என்று இந்த வயதில்தான் விளங்குகிறது.

வயர்மேன் பையன் போனதும் நானே அவளைக் கூப்பிட்டேன். புளி மீன் பிண்டாங் குழம்பு வை, மிளகாயைக் குறைக்காதே என்றேன். "அம்மா காரமே தொடமாட்டாங்களே ஆன்ட்டி" என்று திகைத்தாள். டாக்டர் நிறுத்தச் சொன்ன பிறகு, கஞ்சியும் உப்பில்லாத மீனுமாக இருந்த உன்னைத்தான் அவளுக்குத் தெரியும். மிளகாயைக் கடித்துவிட்டுக் கண்ணில் தண்ணீர் வழிய, இன்னும் இரண்டு கொடு என்று கை நீட்டிய நீ என்னிடம் இருக்கிறாய். காரமாகவே வை என்று உன் மகளை அதட்டினேன்.