வேலியில் நின்ற மாமரம்

மோளே,

பக்கத்து வீட்டுக் குறுப்பு நேற்றுக் காலையில் இறந்துபோனார். பதினோரு வருடமாக அவர் வாசலை மிதிக்காத ரோஷத்தில், துக்கத்துக்கும் வேலியைத் தாண்டியே போனேன். வந்திருந்த அத்தனை பேர் முன்னாலும் என் வேட்டி முள்கம்பியில் மாட்டிக் கிழிந்தது. அந்தக் கம்பியைக் கட்டியவனும் நான்தான்.

வேலியில் நின்ற மாமரத்துக்காக நாங்கள் போட்ட சண்டை உனக்குத் தெரியும். போன மாதம்கூட, "நாயரே, நான் செத்தாலும் ஒரு சுள்ளி உமக்கு விடமாட்டேன்" என்று கத்தினார். "முதல்ல நீர் சாகும், அப்புறம் பேசலாம்" என்றேன். இந்த நாக்கை என்ன செய்வது?

நம் வழக்கப்படி சிதைக்கு மாமரம்தான் வெட்ட வேண்டும். அவர்கள் தோட்டத்தில் வேறு மாமரம் இல்லை. மகன் பிரசோபன் குளித்த ஈரத்தோடு என்னிடம் வந்து நின்றான்.

"மாமா, மரம் உங்களுதுதான். அச்சன் பேசினதை மனசுல வச்சுக்காதீங்க. ஒரு கிளையாவது..."

"கிளை என்னடா, முழுசா வெட்டு."

உன் அம்மா நம்பமுடியாமல் என்னைப் பார்த்தாள். ஊரே என் மனசைப் புகழ்ந்தது. பிரசோபன் என் காலைத் தொட்டான். நானும் தொடவிட்டேன்.

போன கும்ப மாதத்தில் சேனை நடக் குழி வெட்டும்போது பழைய எல்லைக்கல் மண்வெட்டியில் தட்டியது. மரத்துக்கு நம் பக்கம் இரண்டு முழம் தள்ளிக் கிடந்தது. யாரும் பார்க்குமுன் மண்ணைப் போட்டு மூடிவிட்டேன். மரம் அவன் அச்சனுடையது என்பதை மட்டும் நான் அவனிடம் சொல்லவில்லை.

உன் அச்சன்