பதில் வராத நடுக்கட்டம்

மார்ச் 4, செவ்வாய்
டிவியில் என் விவாத நிகழ்ச்சியை யாரும் பார்ப்பதில்லையாம். பார்க்க வைக்கத் தயாரிப்பாளர் பிங்கோ கொண்டுவந்திருக்கிறார். வீட்டிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இருபத்தைந்து கட்டம் போட்ட தாள். பேச வந்தவர் "மக்கள் என் பக்கம்" என்றால் ஒரு கட்டத்தை அடிக்கலாம். மேசையைத் தட்டினால் ஒன்று, தண்ணீர் குடித்தால் ஒன்று. வரிசை நிறைந்தால் பரிசு. நடுக்கட்டம் மட்டும் எல்லோருக்கும் இலவசம், அச்சிலேயே அடித்து வருகிறது: "கேட்ட கேள்விக்குப் பதில் வராது."

"அது எப்படியும் நடக்கும், மேடம்" என்றார். கேள்வி கேட்கிறவள் நான்!

மார்ச் 5
கோபம் ஆறவில்லை. இத்தனை வருடம் சுவரிடமா கேட்டுக்கொண்டிருந்தேன்?

மார்ச் 7, வெள்ளி
நிகழ்ச்சி முடிந்து வீட்டுக்கு வந்தால் மாமியார் கையில் பேனாவும் தாளும்.

"இன்னிக்கு 'ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்'னு எத்தனை தடவை சொன்னே! ஒரு தடவை போதும்மா, ஒரு கட்டம்தான்."

"நான் கேட்ட கேள்வி எப்படி இருந்துச்சு, அத்தை?"

"என்ன கேட்டே?"

அழுகையே வந்துவிட்டது. அடுத்த வெள்ளி ஒருவரையாவது பதில் சொல்ல வைக்காமல் விடுவதில்லை.

மார்ச் 14, வெள்ளி
"பாலம் எப்போது முடியும்?" இவ்வளவுதான் கேட்டேன். அமைச்சர் வரலாற்றுக்குப் போனார். மறுபடி கேட்டேன். ஏழைகளிடம் போனார், தண்ணீர் குடித்தார். மறுபடி கேட்டேன். காதுக்குள் தயாரிப்பாளர் கத்துகிறார், "விளம்பரம் போகணும், விடுங்க மேடம்!" நானா விடுவேன்? கடைசியில் மனிதர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எனக்குத் தெரியாதும்மா" என்றார்.

எழுந்து குதிக்கவேண்டும்போல் இருந்தது.

வீட்டில் ரணகளம். பதில் வந்துவிட்டதால் நடுக்கட்டம் செல்லாது என்று சேனல் அறிவித்துவிட்டது. மாமியாரின் வரிசை அதை நம்பித்தான் நிறைந்திருந்தது.

"எனக்கு ஒரு பரிசு வந்தா உனக்குப் பொறுக்காதே! தெரியாதுங்கறதெல்லாம் ஒரு பதிலா?"

"அங்க இதுவரைக்கும் வந்த ஒரே பதில் அதுதான், அத்தை."

மார்ச் 15
பேச்சுவார்த்தை இல்லை. காபி வந்தது, சர்க்கரை வரவில்லை.

மார்ச் 19, புதன்
இந்த வெள்ளி வரவேண்டிய எதிர்க்கட்சித் தலைவரின் உதவியாளர் போன் செய்தார்.

"என்ன கேப்பீங்கன்னு மட்டும் சொல்லிட்டா, சார் படிச்சுட்டு வந்துடுவார், மேடம்."

"எனக்கே இன்னும் தெரியாதுங்க. எல்லாத்தையும் படிச்சுட்டு வரச் சொல்லுங்க."

சரி என்று வைத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் மறுபடி அவரே, குரலைத் தாழ்த்திக்கொண்டு:

"எல்லாத்தையுமா, மேடம்?"