மீற்றர் ஓடாத வீடு

அக்கா,

இன்று காலைத் தேநீரிலும் அந்த மணம் இருந்தது. இஞ்சி தட்டிப் போட்டும் போகவில்லை. ஆஸ்பத்திரித் தரை கழுவின மாதிரி ஒரு குளோரின் மணம். கோப்பையை வைத்துவிட்டு உங்களைத்தான் நினைத்தேன். நீங்கள் இருந்திருந்தால் ஒரு மிடறு குடித்துவிட்டு, "உது தேத்தண்ணியே பிள்ளை? மருந்துத் தண்ணி!" என்று மிச்சத்தை முற்றத்தில் ஊற்றியிருப்பீர்கள்.

பெருந்தெருவோடு நிற்காமல் எங்கள் ஒழுங்கைக்குள்ளும் குழாய்த் தண்ணீர் வந்துவிட்டது. வாசல் படலைக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டிக்குள் மீற்றர் இருக்கிறது. மூடியைத் திறந்தால் கண்ணாடிக்குள் இலக்கங்களும், தண்ணீர் ஓடும்போது சுற்றுகிற ஒரு குட்டிச் சக்கரமும் தெரியும். எனக்கு இதில் துளி விருப்பமும் இருக்கவில்லை. கனடாவிலிருக்கிற மகள்தான் போனில் ஒற்றைக்காலில் நின்றாள். தோட்டத்துக்குப் போடுகிற உரம், பசளையெல்லாம் நிலத்தில் இறங்கி, கிணற்றுத் தண்ணீர் குடிக்கக் கூடாதென்று ஆகிவிட்டதாம். அதோடு விட்டாளா? "கிணத்தடி வழுக்குமம்மா. ஒருநாள் விழுந்து கிடந்தா உங்களை ஆர் வந்து பாக்கிறது?" என்றும் கேட்டாள். நீங்கள் இருந்தவரைக்கும் இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. இப்போது இல்லை. அதனால்தான் தலையாட்டினேன்.

உங்கள் வளவுக்கும் எங்கள் வளவுக்கும் நடுவில் ஒரே கிணறு, பாதி உங்களுக்கு, பாதி எங்களுக்கு. வேலி இரண்டு பக்கத்தாலும் வந்து கிணற்றுக்கட்டில் முட்டி நிற்கும். பெண்கள் குளிக்கிற இடமென்பதால் கிணற்று வாய்க்கு மேலே குறுக்காக ஒரு தென்னோலைக் கிடுகுத் தட்டி. இந்தப் பக்கம் வாளிக் கயிறு ஓடுகிற என் கப்பி, அந்தப் பக்கம் உங்கள் கப்பி. கலியாணம் முடித்து நான் இங்கே வந்த நாள் தொட்டு, அந்தத் தட்டிக்கு அப்பாலிருந்து உங்கள் குரல் வந்துகொண்டிருந்தது. மீன் விலை, கோயில் கொடியேற்றம், மாமியாரின் மூஞ்சி, எல்லாம் தட்டியைத் தாண்டித்தான் கதைத்தோம். முகம் பார்க்க வேண்டுமென்றால் இருவரும் குனிந்து கிணற்றுக்குள் பார்க்க வேண்டும். தண்ணீரில் தெரிவீர்கள். "என்னடி, கண் வீங்கிக் கிடக்கு? அழுதனியே?" என்று அங்கிருந்தபடியே பிடித்துவிடுவீர்கள்.

என் வீட்டுக்காரரும் செத்துப்போய், மகளும் கனடாவுக்குப் போன பிறகு, நீங்களும் அந்தப் பக்கம் தனியாக இருந்த காலம் அது. என் கப்பி கிறீச்சிட்டதைக் கேட்டு ஒருநாள் நான் தேங்காயெண்ணெய்ப் போத்தலோடு போனேன். நீங்கள் போட்ட சத்தத்தில் போத்தல் கைதவறிப் போகப் பார்த்தது.

"எண்ணெய் விட்டியோ, பாத்துக்கொள்! சத்தம் நிண்டா நீ எழும்பினது எனக்கு எப்பிடித் தெரியும்?"

அன்றிலிருந்து அது எங்கள் ஒப்பந்தம். விடிந்ததும் முதல் வாளியை நான் இழுப்பேன். கப்பி கத்தும். "ஓம், கேட்டுது" என்று நீங்கள் சொல்வீர்கள். பிறகு உங்கள் கப்பி கத்தும். "ஓம், கேட்டுது" என்று நான் சொல்வேன். அவ்வளவுதான். அதற்குப் பிறகுதான் பல் துலக்கல், தேநீர் எல்லாம். ஊர் முழுக்கத் தண்ணீர் மோட்டார் வைத்தது. மோட்டார் வைக்காத விசரிகள் இரண்டு பேர் நாங்கள்தான்.

அந்த ஒப்பந்தம் சும்மா விளையாட்டில்லை என்று ஒரு காலையில் தெரிந்தது. என் கப்பி கத்தியது, பதில் இல்லை. "அக்கா!" என்று கூப்பிட்டேன். இல்லை. சுற்றி ஒழுங்கையால் வரவேண்டுமென்ற எண்ணமே எனக்கு வரவில்லை. வேலிக் கிடுகைப் பிய்த்துக்கொண்டு, சேலை கிழியக் கிழிய வந்தேன். அடுப்படி வாசலில் கிடந்தீர்கள். கண் திறந்திருந்தது. வாய் ஒரு பக்கம் இழுபட்டிருந்தும், "வேலியை ஆர் கட்டித் தாறது?" என்றுதான் கேட்டீர்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் உங்களைத் தூக்கி நிமிர்த்தவும் பெலன் வந்தது.

பிழைத்தீர்கள். ஆனால் அதற்குப் பிறகு உங்கள் மகன் தனியே விடச் சம்மதிக்கவில்லை. கொழும்புக்குக் கூட்டிப் போனார். அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? அங்கே மாடி வீடு. ஒருமுறை போனில் சொன்னீர்கள்: "இஞ்சை தண்ணி திறந்தா வருது, பூட்டினா நிக்குது. ஆர் எழும்பினது, ஆர் படுத்தது, ஒரு சத்தம் அசுமாத்தமும் தெரியாது பிள்ளை." பிறகு, "நீ இழுக்கிறனி தானே?" என்று கேட்டீர்கள். ஓம் என்றேன். உங்கள் கடைசிச் செய்தியும் அதே போனில்தான் வந்தது. நித்திரையில் போயிருந்தீர்களாம்.

குழாய் வந்த பிறகும் நான் குளிக்கிறது, தோய்க்கிறது, கழுவுகிறது எல்லாம் கிணற்றுத் தண்ணீரில்தான். குடிக்கவும் சோறு கறிக்கும் மட்டும் குழாயைத் திறப்பேன். ஒருத்தியின் தேநீருக்கு ஒரு மீற்றர் எவ்வளவு ஓடும்?

போன கிழமை மீற்றர் வாசிக்கிறவர் வந்தார். தலை நரைத்த மனிதர், கையில் ஒரு மெஷின். பெட்டியைத் திறந்து பார்த்தார், கண்ணாடியைத் தட்டினார், திரும்பவும் பார்த்தார். பிறகு படலையில் நின்ற என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

"அம்மா, வீடு பூட்டிக் கிடந்ததோ?"

"ஏன், என்னைப் பாத்தாப் பேய் மாதிரியோ இருக்கு?"

"ஐயோ, இல்லையம்மா. மீற்றர் ஓடின மாதிரித் தெரியேல்லை. வெளிநாட்டுக்காரற்றை வீடுகள்தான் இப்பிடிக் காட்டும். ஆள் இல்லாத வீடுகள்."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "நில்லும், போகாதையும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் குழாயை முழுதாகத் திறந்துவிட்டு வந்தேன். "இப்ப பாரும்! ஓடுதோ?" பாவம் மனிதர், குனிந்து பார்த்தார். குட்டிச் சக்கரம் விழுந்தடித்துச் சுற்றிக்கொண்டிருந்தது. "ஓமம்மா, ஓடுது, ஓடுது. பூட்டுங்கோ, தண்ணி வீணாப் போகுது" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவர் போன பிறகு அந்தப் பெட்டிக்குப் பக்கத்திலேயே குந்தியிருந்தேன். ஆள் இல்லாத வீடு. நான் சமைக்கிறேன், கூட்டுகிறேன், விளக்கு வைக்கிறேன், மகளோடு கதைக்கிறேன். இருந்தும் கணக்கில் நான் இல்லை. தனிமை என்ற சொல்லை நான் வாய்விட்டுச் சொல்கிறவள் இல்லையென்று உங்களுக்குத் தெரியும். உங்களிடம் சொல்கிறேன், அக்கா. தாங்க முடியவில்லை.

உங்கள் வீட்டில் இப்போது வாடகைக்கு ஒரு குடும்பம் இருக்கிறது. கைக்குழந்தையோடு ஒரு பெண், வேலைக்குப் போகிற புருஷன். அவர்களும் குழாய்த் தண்ணீர்தான். உங்கள் பாதிக் கிணற்றுக்கு வலை போட்டு மூடியிருக்கிறார்கள். உங்கள் கப்பி துருப்பிடித்து நிற்கிறது. அந்தப் பெண் கிணற்றடிக்கு வந்ததேயில்லை. முந்தநாள் காலையில்தான் முதல்முறை வந்தாள், கையில் தையல் மெஷின் எண்ணெய்ப் போத்தல்.

"அன்ரி, குறை நினையாதேங்கோ. உங்கடை கப்பிக்குக் கொஞ்சம் எண்ணெய் விடலாமே? சத்தத்துக்குப் பிள்ளை எழும்பி விடுறாள்."

"மாட்டன்" என்றேன். அப்படியே வெடுக்கென்று. அவள் முகம் சுருங்கிவிட்டது. மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன், வந்தது வேறு. "எண்ணெய் விட்டா நான் இருக்கிறன் எண்டு உமக்கு எப்பிடித் தெரியும்?"

சொன்ன பிறகுதான் எனக்கே விளங்கியது, யாருடைய வசனத்தை யாரிடம் சொல்லியிருக்கிறேனென்று. அந்தப் பெண் போத்தலைக் கையில் உருட்டியபடி நின்றாள். "ஒவ்வொரு நாளும் உந்த நேரத்துக்கோ இழுப்பியள்?" என்று கேட்டாள். ஓம் என்றேன். "சரி அன்ரி" என்றாள். போத்தலையும் கொண்டு போய்விட்டாள். அந்தச் சரிக்கு என்ன அர்த்தமென்று எனக்குத் தெரியாது. கிழவிக்கு மூளை கொஞ்சம் தட்டிவிட்டதென்று புருஷனிடம் சொல்லியிருக்கவும் கூடும்.

கிணற்றை விட்டுவிட எனக்கு மனமில்லை. நீங்கள் போன பிறகும் முதல் வாளியை மேலே இழுத்ததும் நான் உடனே ஊற்றுவதில்லை. கயிற்றைப் பிடித்தபடி கொஞ்சம் நிற்பேன். "ஓம், கேட்டுது" என்று நீங்கள் சொல்ல எவ்வளவு நேரம் எடுக்குமோ, அவ்வளவு நேரம். பிறகுதான் வாளியைச் சரிப்பேன்.

இன்றைக்கும் இழுத்தேன். கப்பி கத்தியது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

உங்கள் வீட்டுக்குள்ளிருந்து பிள்ளை வீரிட்டு அழுதது.

கேட்டிருக்கிறது, அக்கா. வாளியைச் சரித்தேன்.