யார் முதலில் பூட்டை விடுவது

என் வீட்டு மகாராணிக்கு,

முட்டிவலி குறைந்ததா? நான் யானை பலத்தோடு இருக்கிறேன். கம்ப்யூட்டரின் அடிவயிறான கெர்னலை எழுதுகிற இந்த ஆபீசில் என் டீ இல்லாமல் ஒருத்தருக்கும் கை ஓடாது. நேற்று அந்தக் கெர்னல் அசையாமல் நின்றுவிட்டது.

"மிஷின் தூங்குதாப்பா?" என்று அதை எழுதுகிற பையனிடம் கேட்டேன்.

"இல்ல மாமா. ஒவ்வொரு புரோகிராமுக்கும் சொந்தச் சாமான் தனியா இருக்கு. பொதுச் சாமானைத் தொடத்தான் பூட்டு. இப்ப ரெண்டு புரோகிராம் ஆளுக்கொரு பூட்டைப் பிடிச்சுக்கிட்டு, மத்தவன் பூட்டும் வேணும், அவன் முதல்ல விடட்டும்னு நிக்கிறானுங்க."

"விடலைன்னா?"

"ஆயுசுக்கும் நிப்பானுங்க."

ஒருத்தனை விடச்சொல்லி நான்தான் தீர்ப்புச் சொன்னேன், ஆபீசே கைதட்டியது. அப்புறம் என் டீ எனக்கே இறங்கவில்லை. இன்னும் ஒரு வருஷம் இங்கேயே வேலையில் இருக்கிறேன் என்றதற்கு நீ கோபித்துப் போனை வைத்தாய். நீயே கூப்பிடட்டும் என்று நானும் இருந்துவிட்டேன்.

என் பழைய போர்வையை அனுப்பு. இங்கே கொடுத்தது காலுக்கு எட்டவில்லை. டீ கேட்டுக் கத்துகிறார்கள். ஞாயிறு காலை நானே கூப்பிடுகிறேன். திட்டுவதற்காவது எடு.

உன் வீட்டுக்காரன்